மலைப் பிள்ளைகளுக்கும் இடம் தரும் கால்பந்து அகாடமி, ஆனால் பஸ்?

என் தங்கை மகன் இங்கேதான் பயிற்சி எடுக்கிறான். குமரி மாவட்டத்தின் தூத்தூர், இரவிபுத்தன்துறை கடற்கரைப் பிள்ளைகளையும் பேச்சிப்பாறை மலையிலிருந்து காணி பழங்குடிச் சமூகத்துப் பிள்ளைகளையும் தேடிப்போய்ச் சேர்க்கிறார்கள், இதற்காகவே பாராட்டலாம். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) வரை போனவர், மணலில் ஓடிப் பழகிய காலின் வேகமே தனி. பயிற்சியாளரும் அருமை, பந்தை நிறுத்தும்போது பாதம் எப்படித் திரும்ப வேண்டும் என்று குனிந்து, கையால் பிடித்துக் காட்டுகிறார்.

ஆனால் சேர்த்தால் மட்டும் போதுமா? கடைசி பஸ்ஸைப் பிடிக்க மலைப் பையன்கள் பாதி ஆட்டத்திலேயே பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. ஒரு வேன் விடுங்கள், இல்லையென்றால் சனி ஞாயிறு தங்க இடம் கொடுங்கள். அப்புறம் பூட்ஸ் இலவசம், சரி, கால் அளவு பார்த்துக் கொடுங்கள், விரல் தோல் உரிகிறது.