காம்பன்சேட்டர் மாற்றப் போய் இரண்டு மாதச் சம்பளம் போச்சு. பெரிய வி-ட்வின் வைத்திருப்பவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்று மதியம்தான் வேறொரு மெக்கானிக்கை வைத்து பிரைமரி கவரை (இஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயினை மூடியிருக்கும் கவர்) திறந்து பார்த்தேன். கையில் இன்னும் எண்ணெய் வாடை போகவில்லை, ஆத்திரமும் போகவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது இரண்டு மாதச் சம்பளம். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. பெரிய வண்டிகளை மட்டுமே தொடுவோம் என்று பெருமை பேசும் தனியார் ஒர்க்‌ஷாப் ஒன்று, அவர்கள் கைகாட்டிய ஆன்லைன் உதிரிபாகக் கடை ஒன்று. அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 45 டிகிரி வி-ட்வினில், அதாவது இரண்டு சிலிண்டர் 45 டிகிரி கோணத்தில் 'V' மாதிரி நிற்கும் இஞ்சினில், இரண்டும் சம இடைவெளியில் வெடிக்காது. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 315 டிகிரி சுற்றியதும் ஒன்று, அதற்குப் பின் 405 டிகிரி சுற்றியதும் அடுத்தது. அந்த நொண்டி அடி நேராக பிரைமரி செயினிலும் கிளட்சிலும் கியர்பாக்ஸிலும் போய் விழாமல் நடுவில் தாங்கிக்கொள்வதுதான் காம்பன்சேட்டர். கிராங்க் முனையில் உள்ள ஸ்ப்ராக்கெட்டோடு மேடும் பள்ளமுமாக ஒரு கேம் இருக்கும். அதை அழுத்திப் பிடிக்க ஸ்பிரிங், அல்லது கிண்ணம் போல வளைந்த வாஷர்களின் அடுக்கு. அடி விழும்போது கேம் மேடேறும், தணிந்ததும் இறங்கும். இந்த கேம் தேய்ந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ ஸ்டார்ட் செய்யும்போது சுத்தியலால் அடித்த மாதிரி 'டங்' என்று கேட்கும்.

என் வண்டியில் அந்த 'டங்' கேட்டது. இஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும். ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் சத்தத்தை ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான். "காம்பன்சேட்டர் போச்சு தலைவரே. கம்பெனி பார்ட் மறுபடி போட்டா மறுபடி இதே கதைதான். வெளிக் கம்பெனி கிட் ஒண்ணு இருக்கு, என் சொந்த வண்டியிலயே அதைத்தான் போட்டிருக்கேன்" என்றார். தன் வண்டியை ஸ்டார்ட் செய்து, என் கையைப் பிடித்து பிரைமரி கவர் மேல் வைத்தார். பூனை வயிறு மாதிரி இருந்தது. அந்த இடத்தில் விழுந்தேன். இப்போது யோசித்தால், அந்தக் கவருக்குள் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர் சொன்ன கடையிலேயே கிட் வாங்கினேன். கூலியும் சேர்த்து இரண்டு மாதச் சம்பளம். நான்காம் நாள் வண்டி தயார். கிட் வந்த பெட்டியைக் கையில் கொடுத்தார். உள்ளே பொருத்தும் முறை அச்சிட்ட தாள், பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. ஆள் எவ்வளவு பழக்கமானவர், தாளே தேவைப்படவில்லை பார் என்று மெச்சிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் சத்தம் திரும்பி வந்தது, கூடவே செயின் உரசுவது போல ஒரு முனகலும். போன் செய்தேன். "புது பார்ட் தலைவரே, ஓட ஓட செட் ஆயிடும்." அடுத்த வாரம், "நீங்க குறைஞ்ச ஆர்பிஎம்ல இழுக்கிறீங்க சார்." தலைவர் சாராகி விட்டதைக் கவனிக்கவும். மூன்றாவது வாரம் நேரில் போனேன். அவர் வெளியே போயிருக்கிறாராம். வாசலில் அவர் வண்டி நிற்கிறது! விற்ற கடைக்கு எழுதினால், பொருத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை, பொருத்தியவரைக் கேளுங்கள் என்று பதில். பொருத்தியவரைக் கேட்டால், பொருளை நான் விற்கவில்லையே என்கிறார். அப்புறம் போனை எடுப்பதே நின்றுவிட்டது.

இன்று கவரைத் திறந்ததும், காம்பன்சேட்டரைக் கிராங்கோடு பிடித்திருக்கும் நடு போல்ட்டைப் பெரிய ரேட்செட் கூட இல்லாமல் புது மெக்கானிக் சுழற்றிவிட்டார். 100 அடி-பவுண்டு இறுக்கத்துக்கு மேல் முறுக்கி வைக்க வேண்டிய போல்ட் அது. மரையில் பழைய லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) பொருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, புதிதாக ஒரு சொட்டுகூடப் போடவில்லை. போல்ட் முறுக்கும் கன் வைத்து 'டர்ர்' என்று ஏற்றிவிட்டு மூடியிருக்கிறார்கள். வாஷர் அடுக்கில் ஒன்று தலைகீழ். உறைக்குள் தூங்கிய தாளை விரித்தால், எது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று படமே போட்டிருக்கிறது. போல்ட் தளர்ந்ததால் அதன் பிடியில் நிற்க வேண்டிய ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) ரோட்டரும் ஆடி, அதன் உள்பற்கள் மழுங்கிவிட்டன. கிராங்க் முனைப் பற்களிலும் தடம் விழுந்திருக்கிறது. அதை ஓட்டலாமா, இஞ்சினைப் பிரிக்க வேண்டுமா என்று நாளைதான் தெரியும்.

இதைவிடப் பெரிய அடி ஒன்று இருக்கிறது. புது மெக்கானிக் பேட்டரியில் மீட்டர் வைத்தார். செல்ஃப் அடிக்கும்போது 9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது. பேட்டரி சோர்ந்தால் இஞ்சின் மெதுவாகச் சுற்றும், பிஸ்டன் மேலே போய்ச் சேருமுன் தீப்பொறி விழுந்து பின்னுக்கு உதைக்கும், அந்த உதையும் இதே 'டங்'தானாம். "பழைய காம்பன்சேட்டரைக் கொண்டு வாங்க, தேஞ்சிருக்கான்னு பார்த்துச் சொல்றேன்" என்றார். அது என்னிடம் இல்லை. கேட்கவே தோன்றவில்லை. கழற்றியதை அந்தப் பழைய ஆட்கள் காட்டவும் இல்லை. நல்ல பொருளைக் கழற்றிவிட்டு இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தேனா?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. முதலில் பேட்டரியைப் பாருங்கள். கழற்றிய பழைய பொருளை வாங்காமல் கடையை விட்டு நகராதீர்கள். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) இருக்கிறதா என்று கேளுங்கள், எத்தனை அடி-பவுண்டு என்று கேளுங்கள், உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறாரா, வாயில் வந்ததைச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். வீட்டிலேயே செய்பவர்கள் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள், கிளட்ச் ஹப் நட் இடது மரை (வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும்), தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கி உடைக்காதீர்கள். சத்தம் வந்தால் 'செட் ஆகட்டும்' என்று ஓட்டாதீர்கள், நான் ஓட்டினேன்.

இதை எழுதும்போதே இன்னொரு முறை அந்தப் பழைய மெக்கானிக்குக்கு போன் அடித்துப் பார்த்தேன். இரண்டு ரிங், கட்.