'லாகினே வேண்டாம் சார்' என்றவருக்கு வாரம் 1,500 ரூபாய் கட்டிய கதை

பெங்களூருவில் சின்னதாக ஒரு வகுப்போ சங்கமோ நடத்துகிறவர்கள், அதற்கு இணையதளம் செய்துதர ஆள் தேடிக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். யூடியூப் காணொளிகள் தளத்தில் தானாக வந்து நிற்க வேண்டும், பார்க்கிறவர்கள் லாகின் செய்யக் கூடாது என்று கேட்கப்போகிறவர்கள் இரண்டு முறை படியுங்கள். நான் கேட்டதும் அதைத்தான். மொத்தம் 57,500 ரூபாய் போயிற்று.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். வருபவர்கள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் மட்டுமே எழுதிப் பழகிய பிள்ளைகள். வர முடியாதவர்களுக்காக வகுப்பைக் கைப்பேசியில் பிடித்து யூடியூபில் ஏற்றிவிடுவோம். பிள்ளைகளின் முகம் தெரிவதால் 'பட்டியலிடப்படாதது' (தேடினால் வராது, இணைப்பு இருந்தால்தான் பார்க்கலாம்) என்று வைத்து, இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் ஒரு பாட்டி, பேரனுக்காக வாரந்தோறும் கூப்பிடுவார்: "போன வாரத்துப் பாடம் எங்கே போயிற்று தம்பி?" அந்த இணைப்பு, நானூறு காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்து கிடக்கும். அவருக்காகவே ஒரு தளம் வேண்டும் என்று முடிவுசெய்தோம். நான்கு இலக்க எண்ணைப் போட்டால் எல்லாப் பாடங்களும் வரிசையாகத் தெரிய வேண்டும். கூகுள் கணக்கு, கடவுச்சொல் என்று பாட்டியை அலைக்கழிக்கக் கூடாது.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் அலுவலகம் வைத்திருந்த ஒருவரிடம் போனோம். தமிழில் பேசினார், அதிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன். "சர்வீஸ் அக்கவுண்ட் ஒன்று போட்டுவிடலாம் சார். யாரும் லாகின் செய்ய வேண்டாம், நீங்கள்கூட" என்றார். மனிதருக்குப் பதிலாக மென்பொருளே பயன்படுத்தும் கூகுள் கணக்காம் அது. 38,000 ரூபாய் பேசி, 2024 ஜூன் மாதம் தளம் வந்தது. முதல் வாரம் அழகாக ஓடியது.

இரண்டாம் சனிக்கிழமை பாடப் பட்டியல் காலியாக இருந்தது. கூப்பிட்டேன். "யூடியூப் உரிமம் முடிந்திருக்கும் சார், புதுப்பிக்க வேண்டும். 1,500 அனுப்பிவிடுங்கள், இணைப்பு வரும்" என்றார். பணம் போனதும் இணைப்பு வந்தது. அதைத் தொட்டால் கூகுள் பக்கம் திறக்கும், வகுப்பின் கணக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு ஓர் எச்சரிக்கை வரும், அதையும் தாண்டி அனுமதி கொடுக்க வேண்டும். கொடுத்தேன், பட்டியல் உயிர்பெற்றது. அடுத்த சனிக்கிழமையும் இதே கதை, அதற்கடுத்த சனிக்கிழமையும் இதே கதை. ஒன்பது முறை கட்டினேன். லாகினே வேண்டாம் என்று விற்ற தளத்துக்கு வாராவாரம் நானே லாகின் செய்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து ஆத்திசூடி சொல்லிக்கொண்டிருக்கும்போது யாருக்குத்தான் யோசிக்க நேரம் இருக்கும்?

இதற்கு நடுவே இன்னொரு தொல்லை. முகப்புப் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி சில மாதிரிப் பாடங்கள் உண்டு. அவை சில நாள் காலையில் காணாமல் போகும். "பார்வையாளர் கூடிவிட்டார்கள் சார், யூடியூபிடம் பெரிய கோட்டா திட்டம் வாங்க வேண்டும்" என்று 6,000 வாங்கினார். கோட்டா என்பது ஒரு நாளில் தளம் யூடியூபிடம் விவரம் கேட்கக்கூடிய அளவு. ரசீது கேட்டதற்கு அவருடைய நிறுவன ரசீதில் 'யூடியூப் கோட்டா திட்டம்' என்று எழுதிக் கொடுத்தார். அதன் பிறகும் அவை காணாமல் போய்க்கொண்டுதான் இருந்தன. என் மனைவிதான் ஒன்றைக் கவனித்தாள்: "மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு அதுவாகவே திரும்ப வந்துவிடுகிறதே!"

ஆகஸ்டில் அவரே ஒரு சலுகையோடு வந்தார். வாரம் வாரம் எதற்குச் சிரமம், 52 வாரத்துக்கும் சேர்த்து 60,000 கட்டிவிடுங்கள் என்றார். அந்த 52 என்ற எண்தான் என்னை எழுப்பியது. உரிமம் ஒவ்வொரு வாரமும் செத்துப்போகும் என்று இவ்வளவு உறுதியாகத் தெரிந்திருக்கிறதே!

அக்கா மகள் வைட்ஃபீல்டில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவளிடம் சொன்னேன். தளத்தைப் பார்ப்பதற்கு முன் என் கைப்பேசியில் பணம் அனுப்பிய நேரங்களைக் கேட்டாள். ஒரு சனி 9:40, அடுத்தது 10:05, அதற்கடுத்தது 10:30. "சரியாக ஏழு நாள் மாமா. ஏழு நாளில் சாகிறது, நீங்கள் பார்த்துக் கூப்பிடும் தாமதம்தான் மிச்சம்" என்றாள்.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எல்லாருக்கும் திறந்த காணொளிகளின் விவரம் மட்டும் போதுமென்றால் ஓர் ஏபிஐ சாவி (தளம் யூடியூபிடம் விவரம் கேட்கும்போது காட்டும் அடையாளக் குறியீடு) போதும், யாருடைய லாகினும் தேவையில்லை. பட்டியலிடப்படாதவற்றைச் சேனலிலிருந்து தானாக வரிசையிட வேண்டுமானால் சேனல் உரிமையாளரின் அனுமதி கட்டாயம். கூகுளின் வேறு பல சேவைகளில் ஓடும் சர்வீஸ் அக்கவுண்ட் இங்கே உதவாது. அதற்கென்று ஒரு யூடியூப் சேனல் இல்லாததால் நம்மைப் போன்ற சாதாரணச் சேனல்களுக்கு யூடியூப் அதை ஏற்பதில்லை. சரியான வழி, உரிமையாளர் ஒரே ஒரு முறை அனுமதி கொடுப்பது. அப்போது கிடைக்கும் புதுப்பிப்பு டோக்கனை, அதாவது அந்த அனுமதிக்கான நீண்டகாலச் சீட்டை, சர்வரில் பத்திரமாக வைத்துக்கொண்டால், சுமார் ஒரு மணி நேரம் செல்லும் அணுகல் டோக்கனைத் தளமே தேவைப்படும்போதெல்லாம் வாங்கிக்கொள்ளும். பாட்டிக்கு லாகின் இல்லை. எனக்கு வாழ்நாளில் ஒரு முறை.

பிறகு ஏன் வாரம் ஒரு முறை? தளத்துக்காக கூகுளில் பதிவுசெய்த செயலியை, தளம் செய்தவர் 'டெஸ்டிங்' (சோதனை) நிலையிலேயே விட்டிருந்தார். அந்த நிலையில் இருக்கும் செயலிக்கு, நாம் கேட்டது போன்ற அனுமதிகளோடு வரும் புதுப்பிப்பு டோக்கன் ஏழு நாளில் காலாவதியாகும். இது கூகுளின் ஆவணத்திலேயே வெளிப்படையாக இருக்கிறது. நிலையை மாற்ற ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். உரிமம் என்று எதுவும் இல்லை, கட்டணமும் இல்லை. இதில் எனக்கு இன்னும் ஆறாத வேடிக்கை, நான் ஒன்பது முறை தாண்டிப்போன அந்த எச்சரிக்கைப் பக்கம். இந்தச் செயலி இப்போது சோதனையில் இருக்கிறது, இதை கூகுள் சரிபார்க்கவில்லை என்று அதில் எழுதியே இருந்தது. படித்தவன் என்று பெயர்.

கோட்டா கதை இன்னும் மோசம். 2024இல் யூடியூப் ஏபிஐயில் ஒரு திட்டத்துக்கு (தளத்துக்காக கூகுளில் திறக்கும் 'புராஜெக்ட்') நாளொன்றுக்கு 10,000 அலகு இலவசமாக இருந்தது, விவரம் கேட்கும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் கழியும். அப்போது ஒரு தேடலுக்கு 100 அலகு பிடித்தது. ஒரு பிளேலிஸ்ட்டைப் படிக்க ஓர் அலகுதான். நம்மவர் முகப்புப் பக்கத்தை யார் திறந்தாலும் ஒவ்வொரு முறையும் தேடும்படி எழுதியிருந்தார். நூறு பேர் திறந்தால் அன்றைய கணக்கு தீர்ந்தது. அது அமெரிக்கப் பசிபிக் நேர நள்ளிரவில் புதுப்பிக்கப்படும், அந்த மாதங்களில் நமக்கு மதியம் 12:30. மனைவி சொன்ன சாப்பாட்டு நேரம்! கூடுதல் கோட்டா வேண்டுமானால் விண்ணப்பம் போட்டு, யூடியூபின் தணிக்கைக்கு (விதிப்படி நடக்கிறோமா என்ற ஆய்வுக்கு) உட்பட்டுக் கேட்க வேண்டும். அது விலைக்குக் கிடைக்கும் பொருள் இல்லை. அவர் எனக்கு விற்ற 6,000 ரூபாய்த் திட்டம் உலகத்தில் எங்கும் கிடையாது. போதாக்குறைக்கு, எந்தக் கட்டுப்பாடும் போடாத ஏபிஐ சாவி பக்கத்தின் மூல நிரலிலேயே கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்து நம் கணக்கில் செலவழித்திருக்கலாம்.

கடைசியாக எங்கள் கூகுள் கணக்கில், வெளிச் செயலிகளுக்குக் கொடுத்த அனுமதிகளின் பட்டியலைத் திறந்து காட்டினாள். அதைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. பட்டியலைப் படிக்கும் அனுமதி போதுமான இடத்தில், சேனலை முழுதாக நிர்வகிக்கும் அனுமதியை வாங்கியிருந்தார். காணொளிகளை அழிக்கலாம், பட்டியலிடப்படாததைப் பொதுவில் வைக்கலாம். மற்றவர்களின் பிள்ளைகள் முகம் தெரியும் காணொளிகள் அவை. அங்கேயே அனுமதியை நீக்கினோம்.

பிறகு அவளே வகுப்பின் கணக்கில் புதுத் திட்டம் திறந்து, படிக்கும் அனுமதி மட்டும் கேட்டு, டெஸ்டிங் நிலையிலிருந்து மாற்றி, என்னை ஒரு முறை அனுமதிக்கச் சொன்னாள். மாலைக் காபிக்குள் முடிந்துவிட்டது. அனுமதி கொடுக்கப்போவது நான் ஒருவன் மட்டுமே என்பதால் சரிபார்க்காத செயலி என்ற எச்சரிக்கை ஒரு தடவை வந்ததோடு சரி. டோக்கனை ஆறு மாதம் தொடாமல் விட்டால் அதுவும் செத்துவிடுமாம். தளம் தினமும் பட்டியலைப் பார்ப்பதால் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

உங்களிடம் யாராவது இப்படித் தளம் செய்ய வந்தால், கூகுள் திட்டம் உங்கள் கணக்கில்தான் இருக்க வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். எங்கள் திட்டம் அவருடைய கணக்கில் இருந்தது. அதனால்தான் ஒன்பது வாரம் எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. ஒப்படைத்த எட்டாம் நாள் தளம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். தளத்திலிருந்தே காணொளி ஏற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், தணிக்கை முடிந்த திட்டமா என்று கேளுங்கள். 2020 ஜூலை 28க்குப் பிறகு தொடங்கிய, தணிக்கை ஆகாத திட்டம் வழியாக ஏற்றும் காணொளி 'தனிப்பட்டது' என்றே பூட்டப்படும்.

அவரிடம் பேசினேன். "எல்லாரும் வாங்கும் பராமரிப்புக் கட்டணம்தான் சார்" என்றார். முதல் ஓரிரு வாரம் அவருக்கே விவரம் தெரியாமல் இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். ஆனால் அந்த 52 இடிக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகு 6,000 திரும்ப வந்தது, ஏனென்றால் உலகத்திலேயே இல்லாத ஒரு பொருளின் பெயர் அந்த ரசீதில் இருந்தது. 13,500 வரவில்லை. அந்த ரசீதுகளில் வெறுமனே 'பராமரிப்பு' என்று எழுதியிருக்கிறது, நானும் வாங்கி வைத்திருக்கிறேன்.

தளம் அன்றிலிருந்து நிற்காமல் ஓடுகிறது. பாட்டி இப்போது கூப்பிடுவது வேறு விஷயத்துக்கு: பேரன் பாடத்தை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறானாம், அதைத் தடுக்க வழி உண்டா என்று.