சிறிய ஈரல் கட்டிகளில் இரத்த ஓட்டம் பார்த்தல்: டாப்ளர், கான்ட்ராஸ்ட் ஸ்கேன் பயன்பாட்டு அனுபவம்

நாகர்கோவிலில் பல ஆண்டுகளாகக் கல்லீரல் சுருக்க நோயாளிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து வருகிறேன். கலர் ஸ்கேன் (இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளர் அல்ட்ராசவுண்ட்) எடுத்தால் புற்றுநோய் தெரிந்துவிடும் என்று நம்பி, குலசேகரத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் பலர் வருகிறார்கள். இரண்டு சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டிகளில் அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

கல்லீரலுக்குள் வரும் இரத்தத்தில் ஏறத்தாழ 75 விழுக்காடு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும் மீதி ஈரல் தமனி வழியாகவும் வருகிறது. சுருக்க நோயில் ஒரு முடிச்சு புற்றாக மாறும்போது போர்ட்டல் இரத்தம் குறைந்து, புதிதாக உருவாகும் தமனிக் கிளைகளே அதற்கு இரத்தம் கொடுக்கின்றன. நாம் தேடுவது இந்த மாற்றத்தைத்தான். பெரிய கட்டியைச் சுற்றிக் கூடை பின்னியது போல் இரத்தக் குழாய்கள் தெரியும். சிறிய கட்டியில் ஓட்டம் மெதுவானது. அது உதரவிதானத்தை ஒட்டி ஆழத்தில் இருந்தால் நிறமே ஏறாது, இடது மடலில் இருந்தால் இதயத் துடிப்பே திரை முழுவதும் நிறத்தை இறைத்துவிடும். கருவியின் வேக அளவையும் வால் ஃபில்டரையும் (மெதுவான அசைவுகளை நீக்கும் வடிகட்டி) குறைத்து, நிறப் பெட்டியைக் கட்டியளவுக்குச் சுருக்கி, புள்ளிகள் தெறிக்கும் வரை கெயினை (சமிக்ஞைப் பெருக்கத்தை) ஏற்றிச் சற்று இறக்கி, மூச்சை அடக்கச் சொல்லிப் பார்த்தால் பலன் கூடும். வயிற்றில் நீர் கோத்து மூச்சிரைப்பவரிடம் அதைக் கேட்கவும் முடியாது. பவர் டாப்ளர் (ஓட்டத்தின் திசையை விட்டு வலுவை மட்டும் நிறமாக்கும் முறை) மெதுவான ஓட்டத்தைக் கூடுதலாகக் காட்டும். நுண்ணிய இரத்தக் குழாய்களைக் காட்டும் புதிய டாப்ளர் முறைகள் மேலோட்டமான கட்டிகளில் நன்றாக உழைக்கின்றன. ஆழத்தில் அவையும் தளர்கின்றன. ஆகவே 'இரத்த ஓட்டம் இல்லை' என்ற ஒரு வரியை வைத்துக் கட்டி சாதுவானது என்று முடிவு கட்டக்கூடாது.

உண்மையான வேறுபாட்டைத் தந்தது நுண்குமிழி கான்ட்ராஸ்ட் ஸ்கேன்தான். சிரையில் ஊசியாகப் போடும், சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடு வாயு அடைத்த குமிழிகள் இரத்தக் குழாயை விட்டு வெளியேறுவதில்லை. வாயு மூச்சில் போய்விடுவதால், கிரியேட்டினின் கூடிய சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் தயக்கமின்றிப் போடலாம். சுருக்க நோயாளியின் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத கட்டி, தமனிக் கட்டத்தில் (குமிழிகள் ஈரல் தமனி வழியாக வந்து சேரும் தொடக்க விநாடிகளில்) முழுவதுமாகவோ ஒரு பகுதியிலோ சுற்றியுள்ள திசுவைவிட மின்னி, 60 விநாடிக்குப் பிறகு லேசாக மங்கினால், அது ஈரல் செல் புற்று என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். 60 விநாடிக்கு முன்பே மங்கினால் வேறிடத்திலிருந்து பரவிய புற்றையோ பித்தநாளப் புற்றையோ நினைக்க வேண்டும். சில கட்டிகள் நான்காவது நிமிடத்துக்குப் பிறகே மங்கும். உதவியாளர் ஜெல்லைத் துடைக்கத் துணியை எடுத்துவிட்டாலும் அதுவரை காத்திருப்பது அவசியம். முதல் நிமிடத்துக்குப் பின் தொடர்ந்து படம் பிடித்தால் குமிழிகள் உடைந்து பொய்யான மங்கல் தோன்றும் என்பதால், இடைவெளி விட்டுப் பார்க்கிறேன்.

ஓர் ஊசிக்கு ஒரு கட்டியின் தமனிக் கட்டத்தையே பார்க்க முடியும் என்பது பெரிய குறை. ஈரலில் வேறு எத்தனை கட்டிகள் உள்ளன என்று அறிய சிடி அல்லது எம்ஆர்ஐ வேண்டும். அறுவையா, மாற்று ஈரலா, ஊசி வழியாகச் சூடு வைத்துக் கட்டியைக் கருக்குவதா என்பது அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகையால் மேல்சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பும் கடிதத்தில் மின்னிய நேரத்தையும் மங்கத் தொடங்கிய நேரத்தையும் விநாடிக் கணக்கில் எழுதுகிறேன். கட்டி ஒரு சென்டிமீட்டருக்கும் சிறியதென்றால் கான்ட்ராஸ்ட் ஊசி போடாமல் மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொல்கிறேன்.

சூடு வைத்த கட்டியில் மிச்சம் உள்ளதா என்று பார்க்கவும் இம்முறை ஏற்றது. ஆனால் தொடக்க வாரங்களில் சுற்றிலும் சீரான மெல்லிய வளையம் மின்னுவது இயல்பு. ஒருபுறம் மட்டும் தடித்து மின்னும் முனையையே சந்தேகிக்க வேண்டும்.