மெக்கானிக்கல் ஆள் ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலைத் திறந்தால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷாஃப்ட், கியர், வெல்டிங் ஃபிரேம் வரைய ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல் (மின் சர்க்யூட் வரைவதற்கென்றே ஆட்டோகேட் மேல் கட்டிய மென்பொருள்) உதவாது, உதவும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ஹைட்ராலிக் சர்க்யூட், நியூமேட்டிக் சர்க்யூட், லூப்ரிகேஷன் லைன், கூலிங் வாட்டர் லைன் என்று எது எதோடு சேர்கிறது என்பதைக் காட்டும் டிராயிங் உங்கள் தலையில் விழுகிறதென்றால், அதைச் சாதா ஆட்டோகேடில் லைனும் பிளாக்குமாக (சேமித்து வைத்துத் திரும்பத் திரும்பப் போடும் படத் துண்டுதான் பிளாக்) இழுத்துக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. அந்த வேலைக்கு இது மிக நல்ல கருவி. மெக்கானிக்கல் ஆட்களில் பாதிப் பேர் பெயரில் 'எலக்ட்ரிக்கல்' இருப்பதாலேயே இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

தனியாக வாங்க வேண்டுமோ என்ற யோசனையும் வேண்டாம். 2019 பதிப்பிலிருந்து ஆட்டோகேட் சந்தாவோடு ஆர்க்கிடெக்சர், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எம்இபி, பிளான்ட் 3டி, மேப் 3டி, ராஸ்டர் டிசைன் எல்லாம் தொகுப்புகளாகச் சேர்ந்தே வருகின்றன. முழு ஆட்டோகேட் இருந்தால் இதுவும் இருக்கிறது, இறக்கி நிறுவிக்கொண்டால் போதும். விண்டோஸில் மட்டும்தான். ஆட்டோகேட் எல்டி என்ற வசதி குறைந்த பதிப்பை வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது.

சிம்பல்களில் தொடங்குகிறேன். உள்ளே ஹைட்ராலிக், நியூமேட்டிக், பி அண்ட் ஐடி (ஆலையின் பைப்புகளையும் கருவிகளையும் காட்டும் டிராயிங்) மூன்றுக்கும் தனித்தனி ஐகான் மெனு இருக்கிறது. பம்பு, சிலிண்டர், டைரக்‌ஷனல் வால்வு, ரிலீஃப் வால்வு, ஃபில்டர், அக்யூமுலேட்டர் எல்லாம் உண்டு. பைப் லைனை இது வயர் என்றே நினைத்துக்கொள்கிறது, அதனால் வயருக்குக் கிடைக்கும் சலுகைகள் எல்லாம் பைப்புக்கும் கிடைக்கின்றன. வால்வை லைன் மேல் வைத்தால் லைன் தானே வெட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் இணைகிறது. வால்வை அழித்தால் லைன் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ஸ்கூட் என்ற கட்டளையால் ஒரு வால்வை லைனோடு இழுத்துத் தள்ளலாம், இணைப்பு அறுந்துபோகாது. இரண்டு லைன் குறுக்கே போகும் இடத்தில் இடைவெளியோ வளைவோ வேண்டுமென்று ஒருமுறை சொல்லிவைத்தால் அதுவே போட்டுக்கொள்ளும். டிரிம், பிரேக், மூவ் என்று கையால் செய்து பழகியவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே போதும், திரும்பிப் போக மனம் வராது.

வயர் டைப் என்ற அட்டவணையை மெக்கானிக்கல் ஆட்கள் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு வயர் வகைக்கும் ஒரு லேயர், ஒரு நிறம், ஒரு அளவு, கூடவே நாமே நிரப்பிக்கொள்ள 20 காலிப் பத்திகள் அதில் இருக்கின்றன. நிறத்தையும் கம்பியின் கேஜையும் எழுத வைத்த இடம்தான், ஆனால் அங்கே ஹோஸின் உள் விட்டம், அழுத்தத் தாங்கு திறன், பைப்பின் மெட்டீரியல் என்று எழுதினால் யாரும் தடுக்கப் போவதில்லை. பிரஷர் லைனுக்கு ஒரு லேயர், ரிட்டர்ன் லைனுக்கு ஒன்று, பைலட் லைனுக்கும் டிரெயின் லைனுக்கும் டேஷ் கோட்டோடு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஹைட்ராலிக், நியூமேட்டிக் டிராயிங்குக்கான தரமான ஐஎஸ்ஓ 1219 கேட்கும் கோட்டு வகையும் தானாக வந்துவிடும், ஏனென்றால் அந்தத் தரத்தில் சப்ளையும் ரிட்டர்னும் முழுக்கோடு, பைலட்டும் டிரெயினும் விட்டுவிட்ட கோடு. பிறகு ஃப்ரம்-டு ரிப்போர்ட்டை ஓட்டினால், எந்த வால்வின் எந்தப் போர்ட்டிலிருந்து எந்த சிலிண்டரின் எந்தப் போர்ட்டுக்கு எந்த ஹோஸ் போகிறது என்ற பட்டியல் எக்செலுக்கு வருகிறது. இதையே டிராயிங்கைப் பார்த்துக் கையால் எழுதுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன், பாவமாக இருக்கிறது.

இங்கேயே ஒரு பெரிய இடறலும் இருக்கிறது. மின்சாரத்தில் ஒரே பொட்டென்ஷியலில் இருக்கும் கம்பிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வயர் நம்பர். ஒரு கம்பி மூன்றாகப் பிரிந்தாலும் அது ஒரே நெட்வொர்க்தான், எண்ணும் ஒன்றுதான். மின்சார ஆளுக்கு அது சரி. ஹைட்ராலிக்கில் ஒரு டீ போட்டுப் பிரித்தால் அங்கே மூன்று தனித்தனி ஹோஸ் இருக்கிறது, மூன்றுக்கும் நீளம் வேறு, எண்ட் ஃபிட்டிங் வேறு, ஸ்டோரில் மூன்றும் மூன்று பொருள். மென்பொருளோ மூன்றையும் ஒரே எண்ணில் அடைத்துவிடும். இதற்கு வழி, டீயை வெறும் சந்திப்புப் புள்ளியாக விடாமல் மூன்று இணைப்புப் புள்ளி கொண்ட ஒரு சிம்பலாகவே செய்து வைப்பது. அப்போது அது ஒரு கருவியாகக் கணக்கில் வருகிறது, மூன்று பக்கமும் எண் தனித்தனியாகிறது, போனஸாக டீயும் பொருள் பட்டியலில் ஏறிவிடுகிறது. யூனியன், ரெடியூசர், மேனிஃபோல்ட் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான். முதலில் எரிச்சலாக இருக்கும், ஒரு புராஜெக்ட் முடிந்தபின் இது இல்லாமல் வேலை ஓடாது.

அந்த சிம்பலைச் செய்ய சிம்பல் பில்டர் இருக்கிறது. வால்வு விற்கிறவர்கள் தரும் டிடபிள்யூஜி (ஆட்டோகேட் கோப்பு) பிளாக்கை அப்படியே உள்ளே எடுத்து, டேக் (டிராயிங்கில் அந்தக் கருவிக்கு வைக்கும் பெயர்), விவரம், தயாரிப்பாளர், கேட்லாக் எண் ஆகிய அட்ரிபியூட்களை, அதாவது தகவல் புலங்களை, ஒட்டி, போர்ட் இருக்கும் இடங்களில் இணைப்புப் புள்ளிகளை வைத்தால் வேலை முடிந்தது. இணைப்புப் புள்ளிக்குத் திசை உண்டு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: லைன் வலப்பக்கமிருந்து வந்தால் 1, மேலிருந்து 2, இடமிருந்து 4, கீழிருந்து 8. திசை மாறினால் லைன் பார்வைக்குத் தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் இணைந்திருக்காது. கோப்பின் பெயருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் எழுத்து கிடைக்கோட்டு லைனுக்கா செங்குத்து லைனுக்கா என்று சொல்லும், அடுத்த இரண்டு குடும்பத்தை, அதாவது எந்த வகைக் கருவி என்பதைக் குறிக்கும், நான்காவது இடத்தில் 1 என்றால் பேரன்ட் (கருவியின் முதன்மை சிம்பல்), 2 என்றால் சைல்டு (அதே கருவியின் இன்னொரு பகுதி). இந்தப் பெயர் விதியை விட்டுவிட்டு இஷ்டத்துக்குச் சேமித்தால் பிளாக் வரும், அதன் புத்தி வராது.

பேரன்ட்-சைல்டு என்றதும் சோலனாய்டு வால்வு ஞாபகம் வருகிறது, என்னைக் கேட்டால் மெக்கானிக்கல் ஆள் இந்த மென்பொருளை எடுக்க அது ஒன்றே போதிய காரணம். வால்வு நியூமேட்டிக் டிராயிங்கில் இருக்கிறது, அதன் காயில் மின் டிராயிங்கில் இருக்கிறது. இரண்டு டிபார்ட்மென்ட், இரண்டு பேர், இரண்டு விதமான பெயர், மெஷினை ஓட்டிப் பார்க்கும் நாளில் 'உங்க ஒய்வி5 தான் எங்க எஸ்ஓஎல்3-ஆ?' என்று ஒரு கூத்து. இரண்டு டிராயிங்கும் ஒரே புராஜெக்டில் இருந்தால் வால்வை வைக்கும்போதே மின் டிராயிங்கில் இருக்கும் டேக்கைப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் சர்ஃபர் என்ற கருவியில் அந்த டேக்கைக் கொடுத்தால், அது வரும் இடங்கள் எல்லாம் வரிசையாக வரும், சொடுக்கினால் அந்த டிராயிங்குக்கே கூட்டிப்போகும்.

டேக் வடிவத்தையும் நம் இஷ்டத்துக்கு அமைக்கலாம். ஐஎஸ்ஓ 1219 முறையில் பம்புக்கு பி, ஆக்சுவேட்டருக்கு ஏ, வால்வுக்கு வி, சென்சாருக்கு எஸ், மோட்டாருக்கு எம், மற்றதுக்கெல்லாம் இசட். முன்னால் சர்க்யூட் எண், பின்னால் வரிசை எண், ஆக 1வி1, 2ஏ1 என்று வரும். ஒரு தாளுக்கு ஒரு சர்க்யூட் என்று வைத்துக்கொண்டு, டேக் அமைப்பில் தாள் எண், குடும்ப எழுத்து, வரிசை எண் என்ற வரிசையைக் கொடுத்துவிட்டால் இது கிட்டத்தட்ட தானாகவே நடக்கிறது. ஐஇசி 81346 முறையில், அதாவது செயல்பாட்டுக்குச் சமக்குறி, இடத்துக்குக் கூட்டல் குறி, பொருளுக்குக் கழித்தல் குறி என்று எழுதும் நிறுவனம் என்றாலும் அதற்கும் இடம் இருக்கிறது. அந்தத் தரம் மின்சாரத்துக்கு மட்டுமானது இல்லை, இயந்திரத்துக்கும் பொருந்தும்படியே எழுதப்பட்டது.

சரி, பொருள் பட்டியலுக்கு வருவோம். மெக்கானிக்கல் புத்தியோடு போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. எலக்ட்ரிக்கல் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு டேக், ஒரு டேக்குக்கு ஒரு பொருள் என்று யோசிக்கிறது. நாமோ ஐட்டம் 7, எம்10 போல்ட், எண்ணிக்கை 24 என்று யோசிக்கிறோம். 24 போல்ட்டுக்கும் யார் பெயர் வைப்பது? இதற்கும் பாதி வழி இருக்கிறது. ஒரு டேக்கோடு முதன்மை கேட்லாக் எண் தவிர இன்னும் 99 எண்கள் வரை சேர்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கையும் தரலாம். ஆகவே வால்வோடு அதன் சப்-பிளேட் ஒன்று, ஸ்க்ரூ நான்கு, ஓ-ரிங் ஒரு செட் என்று கட்டிவிட்டால் வால்வு எங்கே போனாலும் அவையும் கூடவே போகும். வாங்கிப் பொருத்தும் பொருட்கள் நிறைந்த மெஷினுக்கு இது அருமையான ஏற்பாடு. நாமே வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்யும் பாகங்களுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. எடை கிடையாது, வெட்டும் நீளம் கிடையாது, சப்-அசெம்பிளிக்குள் சப்-அசெம்பிளி என்ற படிநிலை நம் பழக்கப்படி கிடையாது.

அந்த வேலைக்குத்தான் பக்கத்திலேயே மெக்கானிக்கல் தொகுப்பு இருக்கிறது. அதில் 7 லட்சத்துக்கு மேல் ஸ்டாண்டர்டு பாகங்கள், ஷாஃப்ட் ஜெனரேட்டர், ஸ்பிரிங் கணக்கு, ஃபிட் அண்ட் டாலரன்ஸ் போடும் டைமன்ஷன், வெல்டிங் குறி, சர்ஃபேஸ் ஃபினிஷ் குறி, பாகத்தோடு கட்டப்பட்ட பலூன் (பாக எண்ணைக் காட்டும் வட்டக் குறி) எல்லாம் உண்டு. எலக்ட்ரிக்கலில் பேனல் லேஅவுட் பகுதியில் ஒரு பலூன் இருக்கிறது, பார்த்து ஏமாற வேண்டாம், பெட்டிக்குள் எந்தக் கருவி எங்கே உட்காருகிறது என்று காட்டும் அளவுக்குத்தான் அது. வால்வு மேனிஃபோல்ட் பெட்டி, ஏர் சர்வீஸ் யூனிட் மாட்டும் தட்டு மாதிரியானவற்றுக்கு அந்தப் பேனல் பகுதியைப் பயன்படுத்தலாம், நன்றாகவே இருக்கும். அதற்கு மேல் இழுக்காதீர்கள். கோப்பு இரண்டிலும் டிடபிள்யூஜி தானே என்று ஒரே டிராயிங்கை மாற்றி மாற்றித் திறந்து வேலை செய்யும் ஆசை வரும். மெக்கானிக்கலில் போட்ட பலூனைத் திருத்தும் கட்டளைகள் எலக்ட்ரிக்கலில் இல்லை. சர்க்யூட்டுக்கு ஒரு கோப்பு, பாகத்துக்கு வேறு கோப்பு என்று பிரித்து வைப்பதே நிம்மதி.

பாக டிராயிங்காகவே இருந்தாலும் எலக்ட்ரிக்கலின் புராஜெக்ட் மேனேஜர் மட்டும் தனியாகப் பயன்படும் என்பது என் கருத்து. ஒரு மெஷினின் டிராயிங் எல்லாவற்றையும் பட்டியலில் போட்டுவிட்டு, டைட்டில் பிளாக் அப்டேட்டை ஒருமுறை ஓட்டினால் வாடிக்கையாளர் பெயர், திட்ட எண், தாள் எண், மொத்தத் தாள் எல்லாம் எல்லாத் தாளிலும் மாறும். டைட்டில் பிளாக்கின் எந்த அட்ரிபியூட்டுக்கு எந்த விவரம் என்று ஒருதடவை இணைத்துவைத்தால் போதும். புராஜெக்ட் முழுவதற்கும் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டலாம், ஒரு பிளாக்கை எல்லா டிராயிங்கிலும் வேறு பிளாக்காக மாற்றலாம், டிராயிங் பட்டியலை அச்சிடலாம். இதில் சிலதை சாதா ஆட்டோகேடின் ஷீட் செட் மேனேஜரும் செய்யும், ஏற்கெனவே அதில் ஒழுங்காக அமைத்து வைத்திருப்பவர்கள் இதற்காக மட்டும் மாற வேண்டியதில்லை.

ஆடிட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரே டேக் இரண்டு இடத்தில் வந்திருக்கிறதா, கேட்லாக் எண் இல்லாத கருவி எது, எதோடும் சேராத இணைப்பு எங்கே என்று பட்டியல் போட்டுத் தருகிறது. மின்சாரத்துக்கு எழுதிய சோதனைதான், ஆனால் ஹைட்ராலிக் டிராயிங்கில் டேங்குக்குப் போக வேண்டிய டிரெயின் லைன் அந்தரத்தில் தொங்குவதை அது கண்டுபிடித்துத் தரும்போது அந்த வித்தியாசமெல்லாம் யாருக்கு வேண்டும்.

கணக்கு எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். பிரஷர் டிராப், ஃப்ளோ, சிலிண்டர் தரும் விசை எதுவும் இதற்குத் தெரியாது. சர்க்யூட் ஓடுமா என்று பார்க்க ஃபெஸ்டோவின் ஃபுளூயிட்சிம் போன்ற சிமுலேஷன் மென்பொருள்தான் வழி. நிறைய ஃப்ளூயிட் பவர் வேலை செய்யும் அலுவலகம், மின் டிபார்ட்மென்டும் ஏற்கெனவே ஈபிளான் என்ற மின் வடிவமைப்பு மென்பொருளில் இருக்கிறது என்றால், ஈபிளான் ஃபுளூயிட் இதே யோசனையை இந்த வேலைக்கென்றே கட்டியது, அங்கே போவதுதான் முறை. எப்போதாவது ஒரு சின்ன நியூமேட்டிக் சர்க்யூட் வரைகிறவர்களுக்கு கியூஎலக்ட்ரோடெக் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருளே போதும், அதன் சிம்பல் தொகுப்பில் ஹைட்ராலிக்கும் நியூமேட்டிக்கும் இருக்கின்றன.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். புராஜெக்ட் திறந்ததும் அலகு மில்லிமீட்டரா அங்குலமா என்று முடிவு செய்து டிராயிங் அமைப்பில் வையுங்கள், ஏனென்றால் லைப்ரரிகள் இரண்டு வகையிலும் இருக்கின்றன, கலந்துவிட்டால் போர்ட்டுகள் ஸ்னாப் கட்டத்தின் புள்ளிகளில் உட்காராமல் லைன்கள் கோணலாகப் போகும். டிராயிங் ஒவ்வொன்றிலும் 0,0 புள்ளியில் டபிள்யூடி-எம் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளாக் உட்கார்ந்திருக்கும், அந்த டிராயிங்கின் அமைப்பு முழுவதும் அதற்குள்தான். சுத்தம் செய்கிறேன் என்று யாராவது அதை அழித்துவிடாமல் டீமில் சொல்லி வையுங்கள். அப்புறம் கேட்லாக். உள்ளே வரும் கேட்லாக் பெரும்பாலும் கான்டாக்டர், ரிலே, டெர்மினல் சமாச்சாரம், நம் வால்வுகளையும் ஃபிட்டிங்குகளையும் நாமே ஏற்ற வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் அதைச் செய்யாமல் ரிப்போர்ட்டைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அலுவலகம் வழக்கமாக வாங்கும் பொருட்களை மட்டும் முதலில் ஏற்றிவிட்டு, மீதியை வர வர சேர்த்துக்கொள்ளலாம்.