ஆறடி ரோட்டவேட்டர்: பொடியைப் பார்த்து வாங்காதீர்கள்

டிராக்டருக்குப் பின்னால் பூட்டி, சுழலும் கத்திகளால் மண்ணை உடைக்கும் ரோட்டவேட்டரைச் சோதித்துப் பார்க்க வருபவர்கள் முதலில் குனிந்து மண்ணைத்தான் அள்ளுகிறார்கள். மாவாக விழுந்தால் நல்ல இயந்திரம், கட்டி விழுந்தால் மட்டமான இயந்திரம் என்று முடிவாகிவிடுகிறது. ஆனால் மாவாக்குவது எந்த ரோட்டவேட்டருக்கும் எளிது. டிராக்டரை மெதுவான கியரில் போட்டால் போதும், ஆக மட்டமான கருவியும் மாவாக்கிக் காட்டும். விதைக்கு வேண்டிய அளவுக்கு உடைத்து, மிச்சத்தைக் கட்டியாகவே விட்டுவைக்க முடிகிறதா என்பதுதான் உண்மையான சோதனை. ஆறடி அகலம், 42 எல் வடிவக் கத்தி, பல்வேக கியர்பெட்டி, பக்கவாட்டில் கியர் இயக்கம் என்று வரும் வகையை அந்தக் கண்ணோடு பார்ப்போம். 45 முதல் 55 எச்.பி. வரையுள்ள டிராக்டருக்கு இது பொருந்தும்.

முதலில் கத்திக் கணக்கு. கத்திகளைச் சுமந்து சுழலும் ரோட்டார் தண்டில், கத்தியைப் பூட்டும் வட்டத் தகடுகளான ஃபிளாஞ்சுகள் எட்டு. உள்ளே இருக்கும் ஆறிலும் இடப்பக்கம் வளைந்த கத்தி மூன்று, வலப்பக்கம் வளைந்தது மூன்று. இரு ஓரங்களில் இருப்பவற்றில் உள்நோக்கி வளைந்த மூன்று மட்டும். ஆக 36ம் 6ம் சேர்ந்து 42. இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரு தடத்தில் ரோட்டார் ஒருமுறை சுற்றினால் மூன்று வெட்டுதான் விழும் என்பது. மொத்தக் கத்தி எண்ணிக்கையைச் சொல்லி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இனி வெட்டு நீளம். ஒரு கத்தி வெட்டிய இடத்துக்கும், அதே தடத்தில் அடுத்த கத்தி இறங்கும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம் அது. டிராக்டர் மணிக்கு 3 கி.மீ. போனால் நிமிடத்துக்கு 50 மீட்டர். ரோட்டார் நிமிடத்துக்கு 200 சுற்று என்றால், சுற்றுக்கு மூன்று வீதம் 600 வெட்டு. ஐம்பது மீட்டரை அறுநூறால் வகுத்தால் 8.3 செ.மீ. அதே ரோட்டார் வேகத்தில் டிராக்டரை 2 கி.மீ.க்கு இறக்கினால் 5.6 செ.மீ.; கூடவே ரோட்டாரையும் 250 சுற்றுக்கு ஏற்றினால் 4.4 செ.மீ. மண் மாவாவது இங்கேதான். 200 சுற்றிலேயே வைத்து 4.5 கி.மீ. வேகத்தில் போனால் வெட்டு 12.5 செ.மீ. ஆகிறது; பின்பலகையில் மோதி அதுவும் உடைந்துவிடும். வெட்டு நீளம் குறையக் குறைய ஒரே அளவு மண்ணைப் புரட்ட அதிக டீசல் எரியும். பொடியான மண் முதல் கனமழையிலேயே மேலே ஏடு கட்டி இறுகும். முளை அதைக் கிழித்துக்கொண்டு வரத் திணறும். டீசலையும் செலவழித்து முளைப்பையும் கெடுத்துக்கொள்வதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

பல்வேக கியர்பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பது இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. கியர்பெட்டியின் பின்மூடியைத் திறந்தால் மேலும் கீழுமாக இரண்டு பற்சக்கரங்கள் தெரியும். உதாரணத்துக்கு மேலே 15 பல், கீழே 18 பல் இருக்கும்போது ரோட்டார் 180 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் இடம் மாற்றினால் அதே பிடிஓ (டிராக்டரின் பின்னால் கருவிக்குச் சுழற்சி தரும் முனை) வேகத்தில் சுமார் 260 சுற்று கிடைக்கும். கரிசல், களிமண் நிலத்தில் காய்ந்த கட்டியை உடைக்க ஒரு வேகம், மணற்பாங்கான செம்மண்ணுக்கு வேறொன்று என்று வைத்துக்கொள்ளலாம். மாற்றுவது எளிது என்றாலும் மூடியின் விளிம்புக்குக் கீழே எண்ணெய் இறங்கும்வரை வடிக்க வேண்டும், மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைக் கிழிக்காமல் எடுக்க வேண்டும். கிழிந்த கேஸ்கெட்டை அப்படியே வைத்து இறுக்கினால் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். உதிரிப் பற்சக்கர ஜோடி கூடவே வருகிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். ஒரே ஜோடியை இடம் மாற்றும் வசதியை மட்டும் வைத்துப் பல்வேகம் என்று சொல்வதும் உண்டு.

ஒன்று மட்டும் கவனம்: இந்தக் கணக்கெல்லாம் பிடிஓ 540 சுற்றில் ஓடும்போதுதான். அந்த 540 என்ஜினின் எந்த வேகத்தில் வருகிறது என்பது டிராக்டருக்கு டிராக்டர் மாறும், என்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டரில் குறியிட்டிருக்கும். டீசல் மிச்சம் என்று ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டினால் ரோட்டார் வேகமும் குறைந்து, கத்தி வெட்டாமல் மண்ணை அடிக்கத் தொடங்கும்.

எல் வடிவக் கத்திக்கு ஒரு வரலாறு உண்டு. 1912ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், கில்காண்ட்ராவில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் சுழல் உழவைச் சோதித்தபோது, முதலில் செய்த அமைப்பு மண்ணைப் பக்கவாட்டில் வீசியடித்தது. எல் வடிவக் கத்தியை ஃபிளாஞ்சில் பொருத்திய பிறகுதான் அந்தக் கோளாறு தீர்ந்தது. நூறு ஆண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை. தாளும் களையும் உள்ள காட்டுக்கு எல் வடிவம் நன்றாகவே வெட்டும். இறுகிய, ஈரம் தங்கும் கனத்த மண்ணுக்கு சி வடிவக் கத்தி மேல். அதன் வளைவு மண்ணை ஒட்டவிடாது.

ஆனால் எல் கத்திக்குப் பிறவிக் குறை ஒன்று இருக்கிறது. அதன் கிடைப்பகுதி ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தில், பெரும்பாலும் 10 முதல் 15 செ.மீ.க்குள், மண்ணைத் தேய்த்து மெழுகுகிறது. ஈரம் மிகுந்த நேரத்தில் ஓட்டினால் பூசியது போலவே ஆகிவிடும். ஆண்டுக்கணக்கில் ரோட்டவேட்டர் மட்டுமே ஓடும் நிலத்தில் பென்சில் கனமுள்ள இரும்புக் கம்பியை அழுத்திப் பாருங்கள். மேலே வழுக்கிக்கொண்டு இறங்கும், உழவு ஆழம் முடியும் இடத்தில் சட்டென்று நிற்கும், உள்ளங்கை வலிக்க அழுத்தினால்தான் மேற்கொண்டு போகும். கம்பியைத் தடுக்கும் அந்த இறுகிய மண் தட்டுக்கு மேல் தண்ணீர் நிற்கும், வேர் பக்கவாட்டில் திரும்பும். அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்கள். இந்தக் கருவியால் அது ஆகாது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பை விட்டுத் தட்டை உடைத்தே ஆக வேண்டும். கோரையும் அருகும் மண்டிய இடத்திலும் ரோட்டவேட்டர் வேண்டாம். அருகின் தண்டைத் துண்டாக்கி, கோரைக் கிழங்கைப் பிரித்துக் காடெங்கும் நட்டுவைத்துவிடும்.

மண் பதம் பார்க்க எளிய வழி: உழவு ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து உருண்டை பிடித்துக் கட்டைவிரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் ஓட்டலாம். நசுங்கிக் கையில் ஒட்டினால் இன்னும் காயட்டும்.

கருவி வந்து இறங்கியதும் அளக்க வேண்டியது அகலம். டிராக்டரின் பின்சக்கரங்களின் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு எடுங்கள். ரோட்டவேட்டர் அதை மூடவில்லை என்றால், உழுத மண்மேல் சக்கரத் தடம் ஓரத்தில் அப்படியே நிற்கும். அடுத்தது டிராக்டரையும் கருவியையும் இணைக்கும் பிடிஓ தண்டு. உள்குழாயும் வெளிக்குழாயும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். தண்டு மிகவும் குறுகி நிற்கும் நிலையில் முட்டாமல் இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி வேண்டும். முட்டினால் டிராக்டரின் பிடிஓ பேரிங்கோ ரோட்டவேட்டரின் முன் பேரிங்கோ போகும். நீளம் கூடுதல் என்றால் இரண்டு குழாயையும் அதன் காப்புறையையும் ஒரே அளவில் வெட்டி, பிசிறு அராவிக் கிரீஸ் தடவுங்கள். தண்டின் இரு முனையிலும் கவை போலிருக்கும் யோக்குகளும் ஒரே நேரில் பார்க்க வேண்டும். கழற்றிப் பூட்டும்போது திருப்பிப் போட்டுவிட்டால் தடதடவென்று அதிரும். அதை ரோட்டார் அதிர்வு என்று எண்ணிக் கத்தியில் கோளாறு தேடிக்கொண்டிருப்பார்கள். வரப்போரம் திரும்பும்போது பிடிஓவை நிறுத்தாமல் உயரத் தூக்கினால் தண்டின் மூட்டிலுள்ள குறுக்கு பேரிங் சீக்கிரம் தேயும். கத்தி மண்ணை விட்டு எழும் அளவுக்குத் தூக்கினால் போதும்.

கத்தி மாற்றும்போது நடக்கும் தவறுகள்தான் அதிகம். 42 கத்திகளும் தண்டைச் சுற்றித் திருகுப்பாதையில் அமைந்திருப்பதற்குக் காரணம், ஒரே நேரத்தில் இரண்டு கத்தி மண்ணில் அடிக்கக் கூடாது என்பதே. எல்லாவற்றையும் கழற்றிக் குவித்துவிட்டுத் தோன்றியபடி பூட்டினால் அந்த ஒழுங்கு குலையும். கியருக்கு அடி விழும், இருக்கை வரை அதிரும். ஒவ்வொரு ஃபிளாஞ்சாக, ஒவ்வொரு கத்தியாகக் கழற்றி, அதே இடத்தில் புதியதைப் போடுங்கள். கூரான விளிம்பு சுழலும் திசையை நோக்கி முன்னால் இருக்க வேண்டும். இடம், வலம் மாறினால் ஒரு பட்டையில் உழாத மண் நிற்கும், பக்கத்தில் இரட்டை உழவு விழும். போல்ட் 8.8 தரத்துக்குக் குறையக் கூடாது. தலையில் எண் பொறித்திருக்கும். புதிதாகப் பூட்டிய இரண்டு மூன்று மணி நேரத்தில் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் துளை முட்டை வடிவமாகிவிடும். பிறகு எந்த போல்ட்டும் நிற்காது, ஃபிளாஞ்சையே வெட்டி மாற்ற வேண்டிவரும். அகலம் பாதியாகத் தேய்ந்த கத்தியை வைத்து ஓட்டுவதில் மிச்சம் ஒன்றும் இல்லை; அதன் முதுகு மண்ணில் உராய்ந்து என்ஜினை இழுக்கும்.

இந்த வகையில் நமக்கு இன்னும் நிறைவு தராத பாகம், எண்ணெய் வெளியேறாமலும் சேறு புகாமலும் தடுக்கும் ரோட்டார் முனை சீல். சேற்றுழவுக்கு ரப்பர் உதட்டு சீல் மட்டும் உள்ளதை வாங்க வேண்டாம். உலோக முகம் உலோகத்தோடு பொருந்தும் மிதவை சீல் உள்ளதைக் கேளுங்கள். அதுவும் நூல், வைக்கோல், சொட்டுநீர்க் குழாய்த் துண்டு தண்டில் சுற்றிக்கொண்டால் தாங்காது. வேலை முடிந்ததும் என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, தூக்கிய கருவிக்குக் கீழே முட்டுக்கட்டை கொடுத்த பிறகே கைவைத்து அறுத்தெடுங்கள். ஹைட்ராலிக்கை நம்பிக் கீழே போக வேண்டாம்.

எண்ணெய் பொதுவாக எஸ்.ஏ.இ. 90 கியர் எண்ணெய். கையேடு வேறு சொன்னால் அதன்படி. முதல் மாற்றம் சுமார் 50 மணி நேரத்திலேயே. புதுப் பல் தேய்ந்த துகள் முழுவதும் அதில்தான் இருக்கும். நடுப்பெட்டியை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கவாட்டுப் பெட்டியை மறப்பவர்கள் அதிகம். அதற்குத் தனி அளவுத் திருகு உண்டு. எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் போய்விட்டது. சீல் புதிதாக இருந்தும் கசிந்தால் கியர்பெட்டி மேலுள்ள மூச்சுத் துளையைப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் உள்ளே சூடேறிய காற்று சீலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்.

கத்தி கல்லில் சிக்கும்போது கியரைக் காக்க, தானே அறுந்துவிடும் வெட்டு போல்ட், தட்டு வழுக்கிச் சுழற்சியை விட்டுவிடும் வழுக்கும் கிளட்ச் என்று இரண்டு ஏற்பாடு வருகிறது. கல் உள்ள நிலத்துக்குக் கிளட்ச்தான் சரி. வெட்டு போல்ட் அடிக்கடி அறுகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போட்டால் அடுத்து உடைவது கியர்பெட்டிக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பற்சக்கரம். கிளட்சிலும் ஒரு வேலை இருக்கிறது: மாதக்கணக்கில் நின்ற கருவியில் தட்டுகள் துருவேறி ஒட்டிக்கொள்ளும், கல் மோதினாலும் வழுக்காது. பருவம் தொடங்கும்முன் ஸ்பிரிங் நட்டுகளை எத்தனை சுற்று என்று எண்ணித் தளர்த்தி, கத்தியை மண்ணில் இறக்கி வைத்து, பிடிஓவைச் சில விநாடி மட்டும் போட்டு நிறுத்துங்கள். தட்டு வழுக்கி லேசாகப் புகை வந்தால் துரு விட்டது. ஆறவிட்டு, அதே எண்ணிக்கைச் சுற்றில் நட்டுகளைத் திரும்ப இறுக்கிவிடுங்கள்.