எதிரிக்கு அலுவலகம் இருந்த வரை

இயான் ஃபிளெமிங் எழுதிய ஜேம்ஸ்பாண்ட் வரிசையில் 12 நாவல்களும் 2 சிறுகதைத் தொகுப்புகளும் உள்ளன. சேலத்துப் பழைய புத்தகக் கடைகளில் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்த அந்த 14 நூல்களையும், கல்லூரியில் சேர்ந்த ஆண்டு தொடங்கி இன்றுவரை, வெளிவந்த வரிசையிலேயே மூன்று முறை வாசித்திருக்கிறேன். மூன்றாவது வாசிப்பு சென்ற மழைக்காலத்தில் ஏற்காட்டில், உறவினரின் காப்பித் தோட்டத்து வீட்டில் நடந்தது. மூன்று முறையும் என் ஆர்வம் தளர்ந்தது ஒரே இடத்தில்தான். அது 1961இல் வந்த 'தண்டர்பால்'.

அதுவரையில் பாண்டின் எதிரிக்கு ஒரு முகவரி இருந்தது. 1957இல் வெளிவந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' நாவலின் முதல் பத்து அத்தியாயங்களில் கதாநாயகன் நேரில் வருவதே இல்லை. சோவியத் உளவுத் துறைத் தலைவர்கள் ஓர் அறையில் கூடி, எந்த நாட்டின் உளவாளியைக் கொல்வது என்று விவாதிக்கிறார்கள். பெயர் முடிவானதும் கோப்பில் கையெழுத்திடுகிறார்கள். ஒருவரையொருவர் அஞ்சிக்கொண்டே அவர்கள் பேசும் அந்தக் கூட்டத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குள் நடுக்கம் எழுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவில் பணியாற்றியவர் ஃபிளெமிங். கோப்பு எப்படி நகரும், பொறுப்பை யார் யார் தலையில் தள்ளுவார் என்பதெல்லாம் அவருக்கு நேரடியாகத் தெரிந்திருந்தது. கதையில் வரும் 'ஸ்மெர்ஷ்' என்ற சோவியத் எதிர் உளவு அமைப்பு உண்மையில் 1943 முதல் 1946 வரைதான் இயங்கியது. ஆயினும் அவர் எழுத்தில் அது நேற்றும் இயங்கிய அலுவலகம் போலவே தோன்றுகிறது.

'தண்டர்பால்' நாவலில் அந்த இடத்துக்கு 'ஸ்பெக்டர்' என்ற தனியார் கொள்ளைக் கூட்டம் வந்து, இரண்டு அணுகுண்டுகளைத் திருடிப் பணம் கேட்டு மிரட்டுகிறது. பலர் சேர்ந்து உருவாக்கிய ஒரு திரைக்கதையிலிருந்து பிறந்த நாவல் இது. அதனால் நீதிமன்றம் வரை வழக்கும் போனது. கடலடிச் சண்டை படிக்க விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், உளவாளி காத்திருப்பதும் சந்தேகப்படுவதும் குறைந்து, காட்சிகளே கதையை நடத்தத் தொடங்கிவிட்டன என்பது என் உறுதியான கருத்து.

இரும்பாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் நண்பர் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஏற்காடு சாலையிலிருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் அறுபதுகளில் ஜெய்சங்கரை வைத்து எடுத்த துப்பறியும் படங்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். "எதிரி யாரா இருந்தா என்னங்க, அவன் கோட்டைக்குள்ள நம்மாளு தனியா மாட்டணும், அவ்வளவுதான்" என்பார். 1963இல் வந்த 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' நாவலை அவர் சான்றாகக் காட்டும்போது என்னால் மறுக்க முடிவதில்லை. அதிலும் எதிரி ஸ்பெக்டர்தான். ஆனால் பாண்ட் பொய்ப் பெயரில் ஆல்ப்ஸ் மலையுச்சிக்குச் சென்று, குலமரபுச் சின்னங்களில் வல்லுநராக நடித்து, ஒரு சொல் தவறினாலும் உயிர் போகும் என்ற நிலையில் நாள்களைக் கடத்துகிறார். எதிரி மாறியதைவிட, உளவு வேலை கைவிடப்பட்டதே உண்மையான சரிவு என்று அந்த நூல்தான் என்னைத் திருத்தியது.

1962இல் வந்த 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' நாவலைப் பெரும்பாலோர் வரிசையின் தாழ்ந்த படி என்கிறார்கள். ஓர் இளம்பெண் தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் கதை அது. பாண்ட் வருவதற்குள் நூலின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. ஏற்காட்டில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் அக்கா அதைத் துணிச்சலான முயற்சி என்று மதிக்கிறார். முதல் பாதிக்கு நானும் உடன்படுகிறேன். பிற்பாதியில் வரும் அடியாட்களிடம் எந்தப் புதுமையும் இல்லை.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது 'தி மேன் வித் த கோல்டன் கன்'. 1964 ஆகஸ்டில் ஃபிளெமிங் மறைந்தார். நூல் 1965இல் வெளிவந்தது. எதிரிகளால் மூளைச்சலவை செய்யப்பட்ட பாண்ட் தன் மேலதிகாரியையே கொல்லத் திரும்பி வரும் தொடக்கம் அபாரமானது. பின்னர் குணமான பாண்ட் ஜமைக்காவில் கொல்ல அனுப்பப்பட்ட எதிரியின் பின்னந்தலை காரின் முன்னிருக்கையில் தெரிகிறது. பாண்ட் சுடாமல் விட்டுவிடுகிறார். பின்னாலிருந்து சுட மனம் வரவில்லை என்ற காரணம் சொல்லப்படுகிறது. அதை நம்ப மூன்று முறையும் முயன்றேன், முடியவில்லை. ஆசிரியர் தம் வழக்கப்படி இரண்டாம் முறை திருத்தி எழுதியிருந்தால் அந்தத் தயக்கத்துக்கு உரிய வலி அங்கே சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.