ஓலுடெனிஸ் போகிறவர்கள் கவனத்துக்கு: விலையை லிராவில் எழுதி வாங்குங்கள்

துருக்கியின் ஃபெத்தியே, ஓலுடெனிஸ் பக்கம் கோடை விடுமுறைக்குப் போகிறவர்களுக்காக இந்தப் பதிவு. அங்கே ஜேப்படித் திருட்டைவிட அதிகமாகப் பணம் போவது, விலை பேசாமல் உட்கார்ந்த மேசையிலும் விலையைப் பாதி மட்டும் பேசி ஏறிய வண்டியிலும்தான்.

முதலில் நாணயம். துருக்கியில் அது லிரா. ஓலுடெனிஸுக்கும் மேலேயுள்ள ஹிசாரோனு ஊருக்கும் வருகிறவர்களில் பலர் பிரிட்டன்காரர்கள். அதனால் பவுண்டில் விலை சொல்லும் கடைகள் நிறைய. "ஐம்பது" என்று வாயால் சொல்லிவிட்டு, கடைசியில் அது லிரா இல்லை, பவுண்டு என்பார்கள். யூரோ நோட்டைக் கொடுத்தால் மீதியை அவர்கள் வைத்த கணக்கில் லிராவாகத் தருவார்கள். ஆகவே எதற்கும் "எத்தனை லிரா?" என்று கேட்டு, கைபேசியிலாவது எண்ணைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று: துருக்கியில் ஆயிரத்துக்குப் புள்ளி, பைசாவுக்குக் காற்புள்ளி. 1.250,00 என்றிருந்தால் ஆயிரத்து இருநூற்றைம்பது லிரா. ஒன்றேகால் என்று நினைத்துத் தலையாட்டிவிட வேண்டாம்.

கார்டு இயந்திரமோ ஏடிஎம்மோ "உங்கள் நாட்டு நாணயத்தில் கழிக்கட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி லிராவைத் தேர்ந்தெடுங்கள். ஆமாம் என்றால் மாற்று விகிதத்தை உங்கள் வங்கி தீர்மானிக்காது, அந்த இயந்திரத்தின் நிறுவனமே தீர்மானிக்கும்; நஷ்டம் உங்களுக்கு. சில கடைகளில் பணியாளரே உங்களுக்காக அந்தப் பொத்தானை அழுத்திவிடுவார். இயந்திரத்தை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள். பணம் எடுக்க, கடற்கரைத் தெருவில் தனியாக நிற்கும் பெட்டிகளை விட்டுவிட்டு வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏடிஎம்முக்குப் போங்கள்.

அடுத்தது பாராகிளைடிங், அதாவது பைலட்டோடு சேர்ந்து துணிச்சிறகில் மலையிலிருந்து பறந்து இறங்குவது. பலர் அந்த ஊருக்குப் போவதே இதற்காகத்தான், ஏமாற்றம் அதிகம் நடப்பதும் இதில்தான். ஓலுடெனிஸை ஒட்டிய பாபாதாக் மலையில் புறப்பாட்டு மேடைகள் 1200, 1700, 1800, 1900 மீட்டர் உயரங்களில் உள்ளன. தெருமுனையில் நிற்கும் தரகர் 1900 என்று சொல்லிப் பணம் வாங்குவார். மேலே போனதும் "இன்று காற்று சரியில்லை" என்று 1200-இலிருந்து பறக்கவைப்பார்கள். காற்றையும் மேகத்தையும் பார்த்து மேடையை மாற்றுவது நியாயம்தான், அது உங்கள் உயிருக்கான முடிவு. அதில் பைலட்டோடு வாதாடவே கூடாது. ஆனால் தாழ்ந்த மேடை என்றால் எவ்வளவு பணம் திரும்பும், பறக்கவே முடியாவிட்டால் முழுப் பணமும் வருமா, அல்லது வேறு நாள்தான் தருவார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே ரசீதில் எழுதி வாங்கலாம். எழுத மறுக்கும் தரகரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அதே ரசீதில் மலைக்குப் போகும் வண்டி, மலைக் கட்டணம், காப்பீடு மூன்றும் விலையில் அடக்கமா என்றும் இருக்கட்டும். உங்கள் எடையை உள்ளபடி சொல்லுங்கள்; நூறு கிலோவுக்கு மேல் என்றால் மேலே போனபிறகு கூடுதல் பணம் கேட்பதோ திருப்பி அனுப்புவதோ நடக்கும். படமும் வீடியோவும் பெரும்பாலும் தனிக் கணக்கு. ஓலுடெனிஸின் பெல்ஜெகிஸ் கடற்கரையில் இறங்கி, கை நடுங்கிக்கொண்டிருக்கும்போது அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்த் திரையில் உங்கள் முகத்தைக் காட்டி விலை சொல்வார்கள். அந்த நேரத்தில் யாரும் பேரம் பேசுவதில்லை, அது அவர்களுக்குத் தெரியும். காலையிலேயே பேசிவிடுங்கள். வாங்கினால் உங்கள் கைபேசிக்கு மாற்றி, திறந்து பார்த்தபிறகே பணம். "பிறகு அனுப்புகிறோம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏமாற்றோடு சேராத ஒரு விஷயமும் இங்கே: பைலட் ஓடச் சொன்னால் கால் தரையை விடும்வரை ஓடிக்கொண்டே இருங்கள். பாதி ஓட்டத்தில் உட்கார்ந்துவிடுவதால்தான் பல புறப்பாடுகள் கெடுகின்றன.

மீன் சாப்பாட்டில் போகும் பணமும் சிறியதல்ல. தட்டில் அடுக்கிய மீன்களைக் காட்டி "இது நன்றாக இருக்கும்" என்பார்கள். நீங்கள் தலையாட்டியது இரண்டு கிலோ மீனுக்கு என்பது பில் வரும்போது தெரியும். மெனுவில் எழுதிய விலை முழு மீனுக்கா, கிலோவுக்கா, நூறு கிராமுக்கா என்று கேளுங்கள். உங்கள் கண்முன் எடைபோட்டு, மொத்த லிராவைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். கேட்காமலே மேசைக்கு வரும் மெஸே எனும் தொடுகறிக் கிண்ணங்களும் பழத்தட்டும் இலவசம் என்று எண்ணிக் கைவைக்காதீர்கள். "இக்ராம் மி?" என்று கேளுங்கள், உபசாரமா என்று பொருள். இல்லை என்றால் திருப்பி அனுப்பலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். பில்லில் "குவேர்" (மேசைக் கட்டணம்) என்று ஒரு வரி இருந்தால், அது எதற்கு என்று விளக்கம் கேளுங்கள்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றால் ஃபெத்தியே மீன் சந்தைக்குப் போங்கள். நடுவில் மீன் கடைகள், சுற்றிலும் உணவகங்கள். மீனை நீங்களே எடைபோட்டு வாங்கிக் கொடுத்தால், சமைக்கும் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு பரிமாறுவார்கள். அந்தக் கூலியில் சாலட்டும் ரொட்டியும் சேருமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தலமான் விமான நிலையத்திலிருந்து ஃபெத்தியே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வாசலிலேயே "பஸ் போய்விட்டது" என்பவர்களை நம்பாமல் பஸ் நிற்குமிடம் வரை நடந்து பாருங்கள். ஃபெத்தியேயிலிருந்து ஓலுடெனிஸுக்கு தொல்முஷ் எனப்படும் சிறு பஸ்கள் ஹிசாரோனு வழியாக அடிக்கடி ஓடுகின்றன. டாக்ஸி என்றால் நம்பர் பிளேட்டில் 48-ஐ அடுத்து T எழுத்து இருக்கும்; 48 முலா மாகாணத்தின் எண். மீட்டர் ஓடவேண்டும். நோட்டைக் கொடுக்கும்போது தொகையை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். 200-ஐ வாங்கிவிட்டு 20-ஐக் காட்டும் வித்தைக்கு அது ஒன்றுதான் தடை.

கடற்கரையில் துண்டு விரித்து உட்காரப் பணம் கேட்டால் கொடுக்கவேண்டியதில்லை. துருக்கிச் சட்டப்படி கடற்கரை பொதுச்சொத்து. சாய்வு நாற்காலிக்கும் குடைக்கும்தான் வாடகை. கும்புர்னு காயல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. ஸ்கூட்டர் வாடகைக்கு பாஸ்போர்ட்டை அடகு கேட்டால் வேறு கடை பாருங்கள். ஏறுமுன் பழைய கீறல்களை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் மலிவாகக் குவித்திருக்கும் "துருக்கிக் குங்குமப்பூ" பெரும்பாலும் குசும்பப்பூ இதழ், மணமும் இருக்காது. இடிபாடுகளின் அருகே பழைய காசு என்று யாராவது நீட்டினால் தொடவே வேண்டாம். போலி என்றால் பணம் போச்சு, அசல் என்றால் 2863-ஆம் எண் சட்டப்படி அதை நாட்டைவிட்டு எடுத்துப்போவது குற்றம்.

பில்லில் தகராறு என்றால் கத்தவேண்டாம். கையால் எழுதிய சீட்டு செல்லாது, "ஃபிஷ்" எனப்படும் அச்சடித்த ரசீதைக் கேளுங்கள். அதைக் கேட்டதுமே தொகை குறைவது உண்டு. குறையவில்லையா, மெனுவையும் ரசீதையும் படமெடுத்துக்கொண்டு நகராட்சியின் "ஸாபிடா" காவலரைக் கூப்பிடச் சொல்லுங்கள். நுகர்வோர் புகாருக்கு வர்த்தக அமைச்சகத்தின் 175. வழிமறித்தாலோ மிரட்டினாலோ 112.